ஹோம் தியேட்டர் திரை வாங்கப் போகிறீர்களா? முதலில் உயரத்தை முடிவு செய்யுங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய புரொஜெக்டர் திரை 135 இன்ச். அறையின் முன்சுவர் 12 அடி அகலம். அதில் எவ்வளவு பெரிய திரை அடங்குமோ அதை வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அன்று எனக்கிருந்த கணக்கு. மாட்டிய முதல் வாரம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இரண்டாவது வாரம் அப்பா பாதிப் படத்தில் எழுந்துவிட்டார். "படம் நல்லாத்தாம்மா இருக்கு. அண்ணாந்தே பாத்துட்டிருக்க முடியல, கழுத்து இழுக்குது" என்றார்.

மறுநாள் டேப்பை எடுத்து அளந்தேன். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 40 இன்ச் உயரத்தில் இருக்கிறது. நடு ஸ்பீக்கர் வைத்திருந்த மேசைக்கு மேலே திரையை ஏற்றி மாட்டியிருந்ததால் திரையின் கீழ் விளிம்பே 36 இன்ச்சில் இருந்தது. அதற்கு மேல் ஐந்தரை அடிக்குத் திரை. அதாவது கிட்டத்தட்ட மொத்தப் படமும் கண்மட்டத்துக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. சோபாவோ 10 அடி தூரத்தில். இரண்டரை மணி நேரப் படத்தை அப்படிப் பார்த்தால் யாருக்கும் கழுத்து வலிக்கும்.

ஒரு வருடம் போனதும் அடுத்த குறை தெரிந்தது. புரொஜெக்டர் விளக்கின் வெளிச்சம் குறையக் குறைய, இரவுக் காட்சிகளில் யார் எங்கே நிற்கிறார் என்றே புரியவில்லை. அந்தத் திரையைக் கழற்றிவிட்டு இரண்டாவது திரையைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று மாதத்தில் நான் செய்து பார்த்தவற்றை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

மூலைக்கு மூலை அளவு எதையும் சொல்லாது

டிவியைப் போலவே திரைக்கும் 100, 120 என்று சொல்வது மூலைவிட்ட அளவு. ஒரே வடிவமுள்ள திரைகளை ஒப்பிட அது போதும். வடிவம் மாறினால் அந்த எண்ணை நம்ப முடியாது. இன்றைய டிவிகளின் வடிவமான 16:9-இல் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) 120 இன்ச் திரையின் உயரம் கிட்டத்தட்ட 59 இன்ச். அதே 120 இன்ச்சில், சினிமாஸ்கோப் படங்களுக்கான அகலமான ஸ்கோப் திரை வாங்கினால் உயரம் 47 இன்ச்தான். ஒரு அடி குறைகிறது. ஆனால் பெட்டியில் இரண்டுக்கும் 120 என்றுதான் அச்சடித்திருக்கும்.

அதனால் எந்தத் திரையைப் பார்த்தாலும் முதலில் அதை அகலம், உயரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 16:9 என்றால் மூலைவிட்டத்தை 0.87-ஆல் பெருக்கினால் அகலம், 0.49-ஆல் பெருக்கினால் உயரம். ஸ்கோப் என்றால் அகலத்துக்கு 0.92, உயரத்துக்கு 0.39. இந்த நான்கு எண்களையும் போனில் குறித்து வைத்துக்கொண்டுதான் நான் கடைக்குப் போனேன்.

இரண்டில் உயரத்தையே நான் முதலில் பிடிக்கச் சொல்கிறேன். படத்தில் ஒரு முகம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, எழுத்து எவ்வளவு பெரிதாக வருகிறது, கழுத்து எவ்வளவு நிமிர வேண்டும் என எல்லாமே உயரத்தைப் பொறுத்தது. உயரம் முடிவாகிவிட்டால், பக்கவாட்டில் எவ்வளவு நீட்டுவது என்ற ஒரே கேள்விதான் மிச்சம். அந்தக் கேள்விக்குப் பெயர்தான் வடிவம்.

சோபாவிலிருந்து அளக்க ஆரம்பியுங்கள்

உங்கள் நாற்காலியில் வழக்கமாக எப்படிச் சாய்ந்து உட்காருவீர்களோ அப்படி உட்காருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து அளந்தால் அளவு தப்பாகிவிடும். இன்னொருவரை விட்டு இரண்டு அளவுகள் எடுக்கச் சொல்லுங்கள்: கண்ணிலிருந்து திரை வரப்போகும் சுவர் வரை உள்ள தூரம், தரையிலிருந்து கண் வரை உள்ள உயரம். சோபாவின் முன்பக்கத்திலிருந்து அளக்காதீர்கள். சாய்ந்து உட்காரும்போது தலை அதற்கு ஒன்றரை, இரண்டு அடி பின்னால் இருக்கும்.

இப்போது அந்தத் தூரத்தை 3.3-ஆல் வகுத்தால் வருவது 16:9 திரையின் குறைந்தபட்ச உயரம். 2.45-ஆல் வகுத்தால் வருவது தாராளமான உயரம். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்றால், திரை கண்ணுக்குப் பக்கவாட்டில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்ற கணக்கிலிருந்து. சினிமா, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்எம்பிடிஇயின் பெயரில் வழங்கும் அளவு 30 டிகிரி. தியேட்டர்களுக்கு ஒலி, படத் தரம் வகுக்கும் டிஎச்எக்ஸ் நிறுவனம் பரிந்துரைப்பது 40 டிகிரி. முதலாவது, டிவியை விடப் பெரிதாகத் தெரிகிற, யாருக்கும் தொந்தரவில்லாத அளவு. இரண்டாவது, தியேட்டரில் நல்ல வரிசையில் உட்கார்ந்தது போன்ற உணர்வு.

என் கதையில், சோபாவை ஒரு அடி பின்னால் தள்ளியதும் கண்ணிலிருந்து சுவர் வரை 11 அடி, அதாவது 132 இன்ச். 3.3-ஆல் வகுத்தால் 40 இன்ச் உயரம். 2.45-ஆல் வகுத்தால் 54 இன்ச். 16:9 வடிவத்தில் அது 82 இன்ச்சிலிருந்து 110 இன்ச் வரை. பழைய 135 இன்ச் திரையை 10 அடியிலிருந்து பார்த்தபோது அது 52 டிகிரியை அடைத்துக்கொண்டிருந்தது. அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், தவறில்லை. அப்பா அந்தக் கூட்டத்தில் இல்லை.

படத்தின் நுணுக்கத்தையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். நல்ல பார்வை உள்ளவருக்கு, ஃபுல் ஹெச்டி படத்தின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமலிருக்க, திரை அகலத்தைப் போல 1.8 மடங்கு தள்ளி உட்கார வேண்டும். 4கே படம் என்றால் அதில் பாதித் தூரம் போதும். நான் கடைசியில் வாங்கிய 110 இன்ச் திரை 8 அடி அகலம், அதில் ஃபுல் ஹெச்டியின் ஒரு புள்ளி ஒன்றேகால் மில்லிமீட்டர். 11 அடியிலிருந்து உற்றுப் பார்த்தால் சரிவான கோடுகளில் அது தெரியத்தான் செய்கிறது. ஃபுல் ஹெச்டி புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் 40 டிகிரிக்கு மேல் போகவே வேண்டாம் என்பேன்.

காகிதம் ஒட்டிப் பாருங்கள்

கணக்கு ஒரு எல்லையைத்தான் காட்டும். முடிவைக் கழுத்தும் கண்ணும்தான் சொல்ல வேண்டும். அதற்கு நான் செய்தது இதுதான். பழைய செய்தித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, 100 இன்ச் திரைக்கு என்ன அகலம், உயரமோ (87 x 49 இன்ச்) அந்த அளவில் ஒரு பெரிய தாள் செய்தேன். மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டினேன். மாஸ்கிங் டேப் என்றால் உரிக்கும்போது பெயின்ட் கையோடு வராது. பிறகு அதன் நான்கு பக்கமும் தாள் சேர்த்து 110 ஆக்கினேன், இரண்டு நாள் கழித்து 120 ஆக்கினேன். ஒவ்வொன்றையும் வீட்டில் எல்லோரும் அவரவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

வெறும் காகிதத்தைப் பார்த்து என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். திரையின் நான்கு மூலைகளிலும் ஒரு எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் உருட்டி நான்கையும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். 120 இன்ச் தாளில் மேல் மூலைக்கு அம்மா ஒவ்வொரு முறையும் முகவாயைத் தூக்கினார். தாளை ஒரு அடி கீழே இறக்கி ஒட்டியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. திரை பெரிதாக இருந்தது ஒரு தவறு, உயரத்தில் இருந்தது அதைவிடப் பெரிய தவறு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்மட்டம் திரையின் கீழிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வந்தால் உடம்புக்குச் சுகம். என் திரையின் கீழ் விளிம்பு இப்போது தரையிலிருந்து 26 இன்ச். கண் 40 இன்ச். 54 இன்ச் உயரமுள்ள திரையில் 14 இன்ச் கண்ணுக்குக் கீழே இருக்கிறது. நடு ஸ்பீக்கரை மேசையிலிருந்து இறக்கி, ஒரு தாழ்வான ஸ்டாண்டில் வைத்து, கொஞ்சம் அண்ணாந்த மாதிரி சாய்த்துவிட்டேன். இரண்டு வரிசை நாற்காலி போடுகிறவர்கள் மட்டும், பின்வரிசையில் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் தலை மறைக்காமல் கீழ் விளிம்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறைத்தால் திரையை ஏற்றுவதை விடப் பின்வரிசைக்கு ஒரு மேடை போடுவது மேல்.

புரொஜெக்டர் ஏற்கெனவே கையில் இருந்தால் இன்னும் நல்லது. காகிதத்துக்குப் பதிலாக வெற்றுச் சுவரிலேயே இரண்டு வாரம் படம் போடுங்கள். அளவை மாற்றி மாற்றிப் பாருங்கள். சப்டைட்டில் உள்ள படம் ஒன்றைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். எழுத்தைப் படித்துவிட்டு முகத்துக்கு வரும்போது தலை ஆடினால் திரை உங்கள் தூரத்துக்குப் பெரிது. எந்த வாய்ப்பாட்டை விடவும் நான் இந்தச் சோதனையைத்தான் நம்புகிறேன்.

வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு

புரொஜெக்டர் தரும் வெளிச்சம் ஒரு அளவுதான். திரை பெரிதாகப் பெரிதாக அதே வெளிச்சம் அதிக இடத்தில் பரவி மங்குகிறது. 100 இன்ச்சிலிருந்து 120-க்குப் போனால் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. 150-க்குப் போனால் இரண்டேகால் மடங்கு.

புரொஜெக்டர் வீசும் மொத்த வெளிச்சத்தின் அளவான லூமன் எண்ணைத் திரையின் சதுர அடியால் வகுங்கள். சாதாரண வெள்ளைத் திரைக்கு வருவது ஃபுட்லாம்பர்ட் என்ற அலகில் படத்தின் வெளிச்சம். டிஜிட்டல் சினிமா தியேட்டர்களுக்கு வகுத்த தரம் 14. நன்றாக இருட்டாக்கக்கூடிய அறையில் அது போதும், ஆனால் தொடக்கத்தில் 20-க்கு மேல் இருக்கும்படி பாருங்கள். ஏனென்றால் விளக்கின் ஆயுள் இத்தனை மணி நேரம் என்று போட்டிருப்பதன் பொருள், அந்த நேரத்தில் வெளிச்சம் பாதியாகிவிடும் என்பதுதான். லேசர் புரொஜெக்டருக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான், அந்த நாள் வர நிறைய காலம் ஆகும். பகலில் திரைச்சீலை முழுசாக மூடாமல் பார்ப்பீர்கள் என்றால் 30-க்கு மேல் வேண்டும்.

இதில் எந்த லூமனை எடுப்பது என்பது முக்கியம். பெட்டியில் இருப்பது புரொஜெக்டரின் அதிகபட்ச வெளிச்ச நிலையில் அளந்தது. அந்த நிலையில் நிறம் பச்சையடிக்கும், யாரும் அதில் படம் பார்ப்பதில்லை. சினிமா நிலைக்கு மாற்றினால் பாதி அளவுக்குக் குறைவது சாதாரணம். என்னுடைய புரொஜெக்டரை 2,000 லூமன் என்றுதான் வாங்கினேன். 1,000 என்று வைத்தே கணக்குப் போட்டேன். பழைய 135 இன்ச் திரை 54 சதுர அடி, அதனால் புதிதாக இருக்கும்போதே 18-தான் கிடைத்திருக்கும். விளக்கு பாதியானதும் 9. அந்த இருண்ட காட்சிகளுக்கு விடை கிடைத்துவிட்டது. 110 இன்ச் திரை 36 சதுர அடி. அதில் 28 வருகிறது.

கெயின், அதாவது வெளிச்சத்தை நேராகத் திருப்பித் தரும் திறன், அதிகமுள்ள திரை வாங்கினால் வெளிச்சம் கூடுமே என்று கேட்பீர்கள். கூடும், நடுவில் உட்கார்ந்தவருக்கு. ஓரத்தில் இருப்பவருக்குப் படம் மங்கும். சில திரைகளில் நடுவில் மட்டும் ஒரு பளபளப்பான வட்டம் தெரியும். சோபாவில் நான்கு பேர் வரிசையாக உட்காரும் வீட்டுக்குக் கெயின் 1.0 உள்ள மேட் வெள்ளைதான் என் தேர்வு. அளவைக் கொஞ்சம் குறைத்தால் அதே வெளிச்சம் எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது.

வடிவம்: அகலத்தில் நீட்டுவதா, வேண்டாமா

சினிமா தொடக்கத்தில் கிட்டத்தட்ட 4:3 வடிவத்தில்தான் இருந்தது. தொலைக்காட்சியும் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்ததும், தியேட்டருக்கு ஆளை இழுக்கப் படத்தை அகலமாக்கினார்கள். 1953-இல் சினிமாஸ்கோப் வந்தது. இன்று ஸ்கோப் என்றால் 2.39:1. திரைகளை 2.35 என்ற பழைய எண்ணில் விற்பார்கள், வித்தியாசம் மிகச் சிறியது. 16:9 என்பது பிற்பாடு வந்த நடுவழி. 1980களில் எஸ்எம்பிடிஇயைச் சேர்ந்த கெர்ன்ஸ் பவர்ஸ் முன்வைத்தது. 4:3, ஸ்கோப் இரண்டையும் வீணாகும் இடம் அளவோடு இருக்கும்படி உள்ளே அடக்கும் செவ்வகம் அது. அதனால்தான் 16:9 எந்த வடிவத்துக்கும் பெரிய துரோகம் செய்வதில்லை.

ஆனால் ஸ்கோப் படத்துக்கு அது கொஞ்சம் அநியாயம் செய்கிறது. 16:9 திரையில் ஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து உயரத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். சின்ன வயதில் தியேட்டரில் விளம்பரங்கள் முடிந்து படம் தொடங்கும் முன், திரையின் இரண்டு பக்கச் சீலையும் இன்னும் கொஞ்சம் விலகி வெள்ளை அகலமாகும். அதைப் பார்க்கும்போதே உள்ளுக்குள் ஒரு துள்ளல் வரும். இருப்பதிலேயே பெரிதாகக் காட்ட எடுத்த படம், வீட்டில் 16:9 திரையில் இருப்பதிலேயே குள்ளமாகத் தெரிகிறது. இந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஸ்கோப் திரை மேல் ஆசைப்படுகிறவர்களை நான் நன்றாகவே புரிந்துகொள்கிறேன்.

ஆசைப்படும் முன் ஒரு காகிதத்தில், வீட்டில் கடைசியாகப் பார்த்த 20 விஷயங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் வடிவத்தையும் பக்கத்தில் குறியுங்கள். என் பட்டியலில் ஸ்கோப் 8, 16:9-உம் அதை ஒட்டிய 1.85-உம் சேர்த்து 7, 2:1-இல் எடுத்த தொடர்கள் 4, பழைய 4:3 படம் 1. விளையாட்டும் வீடியோ கேமும் அதிகமுள்ள வீடு என்றால் 16:9 எண்ணிக்கை இன்னும் கூடும். ஸ்கோப் 15-ஐத் தாண்டுகிற வீட்டுக்குத்தான் ஸ்கோப் திரையை யோசிக்கவே சொல்வேன்.

அடுத்து சுவரைக் கேளுங்கள். இங்கேதான் உயரத்தை முதலில் முடிவு செய்ததற்குப் பலன். 16:9 திரைக்கு நீங்கள் தேர்ந்த உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு 2.39-ஆல் பெருக்குங்கள். அந்த அகலம் சுவரில் வசதியாக அடங்கினால் ஸ்கோப் திரை உங்களுக்கு உண்மையிலேயே பெரிய படம் தரும். 16:9 படங்கள் அதே உயரத்தில் நடுவில் வரும், ஸ்கோப் படம் பக்கவாட்டில் விரியும். தியேட்டரில் சீலை விலகுவது போலவே. கூரை தாழ்வாகவும் சுவர் அகலமாகவும் உள்ள அறைக்கு இது மிகப் பொருத்தம். அகலம் முட்டுகிற சுவரில் கதை வேறு. அங்கே ஸ்கோப் திரை வாங்குவதும், 16:9 திரையின் மேலேயும் கீழேயும் வெட்டி எறிவதும் ஒன்றுதான். ஸ்கோப் படம் ஒரு இன்ச்கூடப் பெரிதாகாது, மற்ற எல்லாமும் சிறிதாகிவிடும்.

சுவர் சரி என்றாலும் புரொஜெக்டர் ஒத்துழைக்க வேண்டும். ஸ்கோப் திரையை நிரப்பப் பெரும்பாலோர் செய்வது ஜூம். புரொஜெக்டர் 16:9 படத்தைத்தான் வீசும், ஸ்கோப் படம் வரும்போது அதைப் பெரிதாக்கிக் கறுப்புப் பட்டைகளைத் திரைக்கு வெளியே தள்ளுகிறோம். இதற்கு லென்ஸின் ஜூம் குறைந்தது 1.35 மடங்கு வேண்டும். பல புரொஜெக்டர்களில் 1.2 மடங்குதான் இருக்கும், அதில் நடக்காது. லென்ஸ் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும் இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்ய வேண்டும். அப்புறம், பெரிதாக்கும்போது மொத்த ஒளிப்பரப்பு 1.8 மடங்காவதால், 16:9 படத்துக்கு 20 இருந்த வெளிச்சம் ஸ்கோப்புக்கு 11 ஆகிவிடும். வெளிச்சக் கணக்கை எப்போதும் அந்தப் பெரிய 16:9 பரப்புக்கே போடுங்கள். படத்தைப் பக்கவாட்டில் மட்டும் நீட்டும் அனமார்ஃபிக் லென்ஸ் பொருத்தினால் புள்ளிகள் வீணாகாது, வெளிச்சமும் அவ்வளவு போகாது. ஆனால் அது விலையில் இன்னொரு புரொஜெக்டர் மாதிரி.

இன்னும் இரண்டு தொல்லைகள். சில படங்களில் சப்டைட்டில் கீழ்க் கறுப்புப் பட்டைக்குள் வரும். ஸ்கோப் திரையில் அது சுவரில் போய் விழும். அப்புறம், ஐமாக்ஸ் காட்சிகள் உள்ள சில படங்கள் நடுநடுவே உயரமாக மாறும். அவையும் திரையைத் தாண்டி வழியும்.

என் சுவரில் 54 இன்ச் உயரத்துக்கு ஸ்கோப் அகலம் 129 இன்ச். சுவர் 144. பக்கத்துக்கு ஏழரை இன்ச்தான் மிச்சம், ஸ்பீக்கரை எங்கே வைப்பது? ஜூமும் 1.2. அதனால் மனசைத் தேற்றிக்கொண்டு 110 இன்ச் 16:9 வாங்கினேன். ஸ்கோப் படங்களுக்கு மட்டும் கறுப்பு மறைப்புகள் செய்துகொண்டேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய பலன் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஸ்கோப் படம் என் திரையில் 40 இன்ச் உயரம் வருகிறது. மேலும் கீழும் தலா 7 இன்ச் மறைக்க வேண்டும். திரையின் அகலத்துக்கு, 7 இன்ச் உயரத்தில், கனமில்லாத ஃபோம் பலகைகள் இரண்டை வெட்டினேன். நீளம் 96 இன்ச் என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டு துண்டாக வெட்டி, பின்பக்கம் ஒரு மெல்லிய மரச்சட்டம் வைத்து இணைத்தேன். மேலே கறுப்பு வெல்வெட் துணியை இழுத்துப் பின்னால் மடித்து ஒட்டினேன். துணியின் இழை எல்லாத் துண்டிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று கறுப்பாகவும் மற்றொன்று சாம்பலாகவும் தெரியும். பிடித்து நிற்கச் சின்னக் காந்தங்கள். முதலில் ஒட்டவே இல்லை, ஏனென்றால் திரையின் ஃப்ரேம் அலுமினியம். ஃப்ரேமின் பின்பக்கம் மெல்லிய இரும்புப் பட்டை ஒட்டியதும் நச்சென்று பிடித்துக்கொண்டது. படத்தைச் சுற்றியிருந்த சாம்பல் நிறப் பட்டைகள் மறைந்தன. புரொஜெக்டரின் கறுப்பு முழுக் கறுப்பு இல்லை என்பது பக்கத்தில் வெல்வெட்டை வைத்தால்தான் தெரிகிறது. அளவு அதேதான், ஆனால் படம் சட்டென்று உயிர் பெற்றது போல இருந்தது.

நடுவில் 2:1 வடிவத் திரையும் கிடைக்கிறது. ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ 1998-இல் எல்லாவற்றுக்கும் பொதுவாக முன்வைத்த வடிவம் இது. இன்று பல தொடர்கள் இதில்தான் வருகின்றன. ஸ்கோப்புக்கும் 16:9-க்கும் சரிபாதியாகப் பார்ப்பவர்களுக்கு நல்ல சமரசம். 4:3, 16:10 திரைகள் அலுவலகக் கூட்டங்களுக்கானவை, குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வீட்டுக்கு வேண்டாம்.

சுவரும் ஸ்பீக்கரும் புரொஜெக்டரும்

விற்கும் அளவு படம் தெரியும் பகுதி மட்டும். ஃப்ரேம் திரைக்குப் பக்கத்துக்கு மூன்று இன்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் திரையின் பெட்டி படத்தை விட ஒரு அடி வரை அகலமாக இருக்கும், கதவு நிலையிலோ ஜன்னலிலோ போய் முட்டும். சுருட்டும் திரையில் மேலே கறுப்புத் துணி எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். கூரை உயரமாகவும் கறுப்பு குறைவாகவும் இருந்தால் படம் மறுபடியும் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குப் போய்விடும்.

ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றரை அடியாவது விடுங்கள். அதற்கும் இடமில்லை, ஆனால் அகலமும் வேண்டும் என்றால், ஒலி ஊடுருவும் திரை வாங்கி ஸ்பீக்கர்களைப் பின்னால் வைக்கலாம். பேச்சு முகத்திலிருந்தே வருவது போல இருக்கும். கொஞ்சம் வெளிச்சம் துணியின் ஓட்டை வழியே போகும், அதையும் கணக்கில் சேருங்கள்.

புரொஜெக்டரின் வீச்சு விகிதத்தைத் திரையின் அகலத்தால் பெருக்கினால் லென்ஸ் இருக்க வேண்டிய தூரம். என்னுடையது 1.3 முதல் 1.6 வரை. 8 அடி அகலத்துக்கு, சுமார் பத்தரை அடியிலிருந்து பன்னிரண்டே முக்கால் அடி வரை எங்கும் மாட்டலாம். இரண்டு எல்லைக்கும் நடுவில் மாட்டினால் பின்னால் அளவை மாற்ற இடம் இருக்கும். சுவரை ஒட்டி வைக்கும் மிகக் குறுகிய வீச்சுப் புரொஜெக்டருக்கு இறுக்கமான ஃப்ரேம் திரை கட்டாயம். சுருட்டும் திரையில் உள்ள சிறு சுருக்கம்கூட அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் அலையாகத் தெரியும். கோணலாக விழும் படத்தை நேராக்கப் புரொஜெக்டரின் கீஸ்டோன் வசதியைத் தொடாதீர்கள், அது புள்ளிகளைச் சுருக்கித்தான் நேராக்குகிறது. லென்ஸை மட்டும் நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் புரொஜெக்டரையே நகர்த்துங்கள்.

துளை போடும் முன்

முடிவான அளவைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு ராத்திரி முழுப் படத்தை அந்தக் கோட்டுக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் அவரையும் கடைசி வரை உட்கார வையுங்கள். நாங்கள் அப்படிப் பார்த்த படம் இரண்டே முக்கால் மணி நேரம். அப்பா நடுவில் ஒரு முறை எழுந்தார், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஃப்ரேமைத் தரையில் வைத்துப் பூட்டியதும், துணியை இழுத்துக் கட்டும் முன், இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃப்ரேம் சரியான செவ்வகம். கால் இன்ச் வித்தியாசம் இருந்தால்கூட மூலைகளைத் தளர்த்தி, தட்டி, மறுபடி இறுக்குங்கள். அப்படியே மாட்டிவிட்டால் படத்தின் ஓரம் திரையின் ஓரத்தோடு எந்த நாளும் சேராது. மாட்டிய பிறகு படத்தை ஃப்ரேமின் வெல்வெட் ஓரத்தின் மேல் ஒரு நூல் அளவு ஏறும்படி விடுங்கள். அந்தக் கசிவை வெல்வெட் விழுங்கிவிடும்.